பாலிஷைப் பார்க்காதீங்க, பில்லைப் பாருங்க

டெல்லிப் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு ஓர் ஆசை: ஊருக்கு மாற்றலாகிப் போகும்போது பழைய பி.எம்.டபிள்யூ எக்ஸ்5, ஆடி க்யூ7 என்று ஒன்றை அடிமாட்டு விலைக்கு வாங்கி ஓட்டிக்கொண்டு போய்விடலாம். போகலாம்தான். ஆனால் ஏன் அந்த விலை?

10 வருடம் தாண்டிய டீசல் வண்டி டெல்லி வட்டாரத்தில் ஓடக்கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015ல் சொன்னது. 2018ல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. 2025ல் கொஞ்சம் தளர்வு வந்தும் பயம் போகவில்லை. ஏழெட்டு வருட வண்டியையே தள்ளிவிடப் பார்க்கிறார்கள்.

என் கட்சி இதுதான். வண்டியின் விலை இறங்கும், அதன் ஸ்பேர் பார்ட்ஸ் விலை இறங்காது. ஏர் சஸ்பென்ஷன், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், டீசல் புகை வடிகட்டி, இவற்றில் ஒன்று மக்கர் செய்தாலே மிச்சம் பிடித்த காசு போச்சு. பேலன்ஸ் ஷீட்டின் அட்டையைப் பார்த்து யாராவது லோன் கொடுப்போமா?

முதலில் கம்பெனி சர்வீஸ் ஹிஸ்டரி. கிலோமீட்டர் வரிசையாக ஏறியிருக்க வேண்டும். நடுவில் இரண்டு வருடத்தைக் காணோம் என்றால் "வெளியே மெக்கானிக்கிட்ட பார்த்தோம் ஜி" என்பார்கள். பில் எங்கே ஜி? :-)

காலையில் போங்கள், ஸ்டார்ட் செய்யாமல் வைக்கச் சொல்லுங்கள். பானெட் சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். இரவெல்லாம் நின்ற வண்டி ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் ஏர் சஸ்பென்ஷனில் காற்று கசிகிறது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். சேற்றுக் கறை இருந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருக்கலாம். ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கைக் காசு கொடுத்தாவது கூட்டிப் போங்கள்.

பேப்பர் விஷயம் நம்ம ஏரியா. ஆர்.சி.யில் ஹைபோதிகேஷன் இருந்தால் "லோன் முடிஞ்சிருச்சு" என்ற வாய்ப்பேச்சு செல்லாது. பேங்க் என்.ஓ.சி.யும் ஃபார்ம் 35ம் கொடுத்து, பேங்க் பெயர் நீங்கிய பிறகுதான் முழுப் பணம். பாக்கி இருந்தால் விற்பவர் கையில் கொடுக்காமல் லோன் கணக்கிலேயே கட்டுங்கள்.

அப்புறம் ஊரில் மறுபதிவு, அங்கே திரும்பவும் சாலை வரி. அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே நம்ம ஊர் ஆர்.டி.ஓ.வில் எவ்வளவு என்று கேட்டு விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். டெல்லியில் கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேட்டு மனு போடலாம். அதற்கு அலைய இங்கே உங்களுக்கு ஆள் இருக்கிறாரா?