விளையாட்டுக்கு மதிப்பெண் ஏது?

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளில் ஆய்வு மதிப்பெண் அட்டவணை ஒன்று உண்டு. அறிவியல் துறைக் கட்டுரைக்கு 8, கலைத்துறைக் கட்டுரைக்கு 10, நான்கு கிரெடிட் கொண்ட முழு இணையவழிப் பாடத்துக்கு 20. கல்விசார் கணினி விளையாட்டு என்றொரு வரி அதில் இல்லை. புதுமையான கற்பித்தல் முறை என்பதற்குள் அடக்கிக்கொள்ளலாமே என்பார்கள், அதற்கு 5. ஆக, பின்னங்களைக் கற்பிக்கும் விளையாட்டை உருவாக்கியவர், அதைப் பற்றிக் கட்டுரை எழுதியவருக்குக் கீழேதான் நிற்கிறார்.

அந்த விளையாட்டுக்கு நிரல் வேண்டும், ஓவியம் வேண்டும், ஒலி வேண்டும். ஐந்தாம் வகுப்புக் குழந்தை எந்த இடத்தில் சலித்து எழுந்துபோகிறது என்று கண்டு விதிகளைத் திருத்த வேண்டும். மறுபடியும் திருத்த வேண்டும். ஆண்ட்ராய்டு பதிப்பு மாறினால் பழைய நிரல் இயங்காமல் போகலாம். அந்தப் பராமரிப்பை எந்த வரியில் எழுதுவது? ஆகவே ஆய்வாளர் விவரமாக நடந்துகொள்கிறார்: அரைகுறை முன்மாதிரி, சில பத்து மாணவர்கள், முன்தேர்வு, பின்தேர்வு, கட்டுரை. விளையாட்டு மடிக்கணினியிலேயே உறங்கிவிடுகிறது. இணைப் பேராசிரியர் பதவிக்கு 75 மதிப்பெண் தேவைப்படுகையில் அவரைக் குறைகூற இயலாது.

தேசியக் கல்விக் கொள்கை 2020 விளையாட்டுவழிக் கற்றலைப் போற்றுகிறது. 2022-23 நிதிநிலை அறிக்கை அனிமேஷன், கேமிங் துறைகளுக்குப் பணிக்குழு அறிவித்தது. பாராட்டுக்குக் குறைவில்லை.

கட்டுரையை மதிப்பிட இருவர் உண்டெனில், விளையாட்டுக்கும் இருவரை அமர்த்துவதில் என்ன தடை? அவர்கள் அதை ஆடிப் பார்க்கட்டும். குழந்தைகள் ஆடுவதையும் அருகிருந்து பார்க்கட்டும். பல்லூடகத் துறைக்கு ஆசிரியரைத் தேடும் தேர்வுக்குழு அச்சிட்ட பக்கங்களை மட்டுமே எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.