மின்னஞ்சலும் அதன் அடையாளமும்

“மடலை அனுப்பிவிட்டேன்” என்கிறார் ஒருவர். “எனக்கு வரவேயில்லை” என்கிறார் மற்றவர். இவ்விருவருள் ஒருவர் பொய்யுரைக்கின்றார் என முடிவு செய்வது உலகத்தார் இயல்பு. ஆயின், இருவரும் மெய்யே உரைத்திருத்தலும் கூடும். இத்தகைய வழக்கிற்குக் காரணங்கள் பல. அவற்றுள், பலரும் எண்ணிப் பாராத ஒன்றைக் குறித்து ஈண்டுச் சில கூற விழைகின்றேன். அஃதாவது, இரு வேறு மடல்களுக்கு ஒரே அடையாளம் அமைந்துவிடும் குற்றமாகும்.

மின்னஞ்சலின் தலைப்பில் அனுப்புநர், பெறுநர், தேதி முதலியவற்றோடு ‘மெஸேஜ்-ஐடி’ என்னும் வரியொன்றும் இருத்தல் வேண்டும். படிப்பவர் கண்ணிற்கு இது பெரும்பாலும் புலப்படுவதில்லை. 2008-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆர்.எப்.சி. 5322 என்னும் விதித்தொகுப்பு, இவ்வடையாளம் உலகில் வேறெம்மடலுக்கும் இராத தனித்தன்மை வாய்ந்ததாயிருத்தல் வேண்டும் என்றும், அத்தனித்தன்மைக்கு அதனை ஆக்கும் கணினியே பொறுப்பு என்றும் கூறுகின்றது.

இவ்வடையாளத்தால் பெறும் சர்வருக்கு ஆவதென்ன? மடலைப் பெற்ற சர்வர் ‘பெற்றேன்’ என விடையிறுக்கத் தாமதிப்பின், அனுப்பிய சர்வர் அது சேரவில்லையெனக் கருதி மீண்டும் அனுப்பும். இத்தொல்லையை 1988-ஆம் ஆண்டிலேயே ஆர்.எப்.சி. 1047 எடுத்துரைத்தது. ஒருவர் இரு குழுக்களில் உறுப்பினராயிருப்பினும் ஒரே மடல் இருமுறை வருதலுண்டு. ஆகவே, முன்னர்க் கண்ட அடையாளத்தோடு அதே பெறுநருக்கு வரும் மடலைப் பெட்டியில் இடாது விலக்கும் வசதி சைரஸ் போன்ற சர்வர்களில் அமைந்துள்ளது. இது நல்ல காவலே.

காவலன் பெயரை மட்டுமே நோக்குவான், முகத்தை நோக்கான். இதை அறியாத நிரலாசிரியர் சிலர், மாதிரி மடலொன்றைத் தலைப்பு வரிகளோடு அப்படியே பிரதி செய்து, செய்தியை மட்டும் மாற்றி நாள்தோறும் அனுப்புகின்றனர். முதல் மடல் சேரும், அடுத்தது சேராது. விலக்கப்பட்டது வாழ்த்து மடலாயின் கேடு சிறிது. தேர்வு நாள் மாறியதை அறிவிக்கும் மடலாயின், மாணவன் கதி யாதாகும்? அலுவலகமோ தன் பதிவேட்டைக் காட்டும். அதில் ‘250’ என்னும் ஏற்புக்குறி விளங்கும். சர்வர் ஏற்றது மெய். பெட்டியில் இடாததும் மெய்.

நோயை அறிவது அரிதன்று. மடல் திரும்பி வரவில்லை. குப்பைப் பெட்டியிலும் இல்லை. பதிவேட்டில் ஏற்புக்குறி உண்டு. இம்மூன்றும் கூடினால், சேர்ந்த மடலின் மூலவடிவையும் சேராத மடலின் பிரதியையும் அருகருகே வைத்து அடையாள வரியை ஒப்பிடுக. பின்னர் அவ்வடையாளத்தை மட்டும் மாற்றிச் சேராததை மறுபடியும் அனுப்புக. சேருமாயின் ஐயம் தீர்ந்தது. மருந்தும் எளிதே: அடையாளத்தை நிரலில் நிலையாக எழுதிவைக்காது, மடல்தோறும் புதிதாய் ஆக்குக. பைதன் மொழியில் இதற்கென்றே ஒரு செயற்கூறு உண்டு. ஆயினும், வழியில் தடைப்பட்ட மடலைச் சர்வர் தானே மீண்டும் செலுத்துங்கால் பழைய அடையாளமே நிற்றல் வேண்டும். அன்றேல் காவல் பயனற்றுப்போம்.

பெறும் சர்வர் செய்தியையும் ஒப்பிட்டுப் பார்த்தாலென்ன என்பர் சிலர். குழுக்களின் வழியே வரும் மடலின் அடியில் புதிய வரிகள் சேர்தலுண்டு. ஆதலின் ஒரே மடலும் வேறுபோல் தோன்றும். எனவே, முதற்குற்றம் அனுப்புவோருடையதே என்பது என் துணிபு. எனினும், பெறுவோரை முற்றும் விடுவித்தல் இயலாது. விலக்குதல் குற்றமன்று, சொல்லாது விலக்குதலே குற்றம். புரோக்மெயில் என்னும் பழைய நிரலின் கையேடு, இரட்டை மடல்களை அழிக்காது தனி உறையில் சேர்த்துவைக்கும் வழியையும் காட்டுகின்றது. அவ்வழியே நல்வழி. அங்ஙனம் செய்யின், தொலைந்த மடலைத் தேடுவோனுக்குத் தேட ஓரிடமேனும் இருக்கும்.

நாளை நம் மாணவருட் பலர் நிரல் எழுதுவர். அலுவலகங்களில் மடல் விடுப்பர். அவர்கட்கு யான் கூறுவது இதுவே: “வரவில்லை” என்பவனைப் பொய்யன் என்னுமுன், நீவிர் அனுப்பிய மடலின் அடையாள வரியை ஒருமுறை நோக்குமின்.