உழவு இயந்திரத்தின் தண்ணீர்: மாற்றிய பின் கொதிப்பது ஏன்?

மட்டக்களப்பு நாட்டிலே பெரும்போக உழவுக்குரிய காலம் குறுகியது. மழை விழுந்து வட்டை ஈரமானதும் உழுது விதைத்துவிட வேண்டும். கார்த்திகை, மார்கழி மாதங்களின் வெள்ளம் வருமுன் பயிர் வேரூன்றியிருத்தல் வேண்டும். அக்காலத்தில் ஓர் உழவு இயந்திரம் ஒரு வாரம் நின்றுவிடின், நட்டம் அதன் சொந்தக்காரருக்கு மட்டுமன்று. அதனைக் கூலிக்கு எதிர்பார்த்திருக்கும் கமக்காரர் அனைவரின் விதைப்பும் பிந்திவிடுகின்றது.

போகம் தொடங்குமுன் இயந்திரத்தைச் சீர்செய்யும் நல்ல வழக்கம் எம்மவரிடம் உண்டு. எண்ணெய் மாற்றுவர், றேடியேற்றரிலுள்ள பழைய தண்ணீரை இறக்கிவிட்டுக் கூலன்ற் எனப்படும் குளிர்ப்புத் திரவத்தைப் புதிதாக ஊற்றுவர். ஆயின் மறுநாள் வயலில் இறங்கி அரைமணி நேரம் உழுவதற்குள் எஞ்சின் கொதித்து ஆவி கக்குவதுண்டு. உடனே, "புதிய திரவம் கூடாது" என்பார் ஒருவர். "தேர்மோஸ்ராற்றைக் கழற்றி எறி" என்பார் மற்றொருவர். குற்றம் பெரும்பாலும் இவ்விரண்டிலும் இல்லை. நிரப்பும்போது ஒரு மணி நேரம் பொறுக்காமையே குற்றம் என்பது எமது துணிபு.

காரணத்தை விளங்கிக்கொள்வது எளிது. பழைய தண்ணீரை இறக்கும்போது எஞ்சினின் உள்ளறைகளிற் காற்றுப் புகுகின்றது. புதிய திரவத்தை விரைவாக ஊற்றினால் அக்காற்று வெளியேற வழியின்றி எஞ்சின் தலைப் பகுதியிலே தங்கிவிடுகின்றது. எஞ்சின் ஏறக்குறைய 80 பாகை செல்சியஸ் வெப்பம் அடையும்வரை தேர்மோஸ்ராற் என்னும் கதவு மூடியிருக்கும். ஆகவே மேலே பார்ப்பவருக்கு றேடியேற்றர் நிறைந்ததாகத் தோன்றும். உள்ளேயோ, மிகச் சூடாகும் இடத்திலே திரவம் இல்லை. அங்கே பிறக்கும் ஆவி, திரவத்தை வெளியே தள்ளுகின்றது. வெப்பமானியின் முனையும் காற்றில் நிற்குமாயின், முள் தாழ்ந்தே காட்டித் திடீரென உயரும். முள்ளை நம்பி உழுதவர் அதற்குள் எஞ்சின் தலை வளைந்துபோகக் காண்பார்.

எருமை கொண்டு வயலை மிதித்த காலத்தில், உச்சிப் பொழுதில் அவற்றைக் குளத்தில் இறக்கிக் கிடக்கவிடாத உழவன் இல்லை. எருமை மூச்சிரைப்பதைக் கண்டு இரங்கிய நாம், இரும்பும் வெப்பத்தால் வருந்தும் என்பதை எண்ணுவதில்லை.

ஆதலின் நிரப்பும் முறையைக் கமக்காரரும் சாரதிகளும் கைக்கொள்வாராக:

1. எஞ்சின் நன்கு ஆறியபின், றேடியேற்றரின் அடிக்குழாய், எஞ்சினின் பக்கக்குழாய் ஆகிய இரண்டையும் திறந்து பழைய திரவத்தை இறக்குக. தெளிந்த நீர் வரும்வரை உள்ளே கழுவுக.

2. இயந்திரத்தின் முன்புறம் சற்று உயர்ந்திருக்க நிறுத்தி, மெதுவாக ஊற்றுக. காற்றுப் போக்கும் திருகாணி இருப்பின் அதனைத் தளர்த்தி, குமிழியின்றித் திரவம் வந்தபின் இறுக்குக.

3. றேடியேற்றர் மூடியைத் திறந்தபடியே எஞ்சினைக் குறைந்த வேகத்தில் ஓடவிடுக. மேற்குழாய் சூடாகும்போது காற்றுக் குமிழிகள் வெளியேறி மட்டம் தாழும். தாழ்ந்த அளவை ஊற்றி, மூடியை இறுக்குக.

4. எஞ்சின் ஆறியபின் மட்டத்தை மீண்டும் பார்க்க. முதல்நாள் உழவு முடிந்த மறுநாட் காலையிலும் பார்க்க.

இவ்வளவு செய்தும் குமிழி ஓயாது வருமாயின், அல்லது எண்ணெய் பால்போல் வெளுக்குமாயின், எஞ்சின் தலையின் கஸ்கற் பழுதடைந்திருக்கலாம். அப்போது உழுவதை நிறுத்தித் தொழில் தெரிந்தவரிடம் காட்டவேண்டும்.

இனி ஊற்றும் தண்ணீரைப் பற்றியும் சொல்லவேண்டும். எழுவான்கரையில் வாவியை அடுத்த கிணறுகள் பலவற்றில் உவர் ஏறியிருக்கின்றது. உப்பு இரும்பையும் அலுமினியத்தையும் அரிக்கும். சுண்ணாம்பு மிகுந்த நீர் காவி படிந்து வெப்பம் வெளியேறாது தடுக்கும். ஐப்பசி முதல் தை வரை எமது கூரைகளின்மேல் விலையின்றி விழும் மழைநீர் இதற்கு மிக ஏற்றது. முதல் மழையில் ஓடு கழுவப்பட்டபின் இரண்டு கலன் நீரைப் பிடித்து மூடிவைத்தால் ஆண்டு முழுவதற்கும் போதும். டீசலுக்கு ஒரு கலன் வைப்பவர் இதற்கும் ஒரு கலன் வைத்தல் வேண்டும்.

பனி உறையாத எமது நாட்டில் குளிர்ப்புத் திரவம் எதற்கு என்று கேட்பாரும் உளர். கேள்வி நியாயமானதே. ஆயினும் அது உறைதலைத் தடுப்பதோடு துருவையும் தடுக்கின்றது, கொதிநிலையையும் உயர்த்துகின்றது. சரிபாதி கலந்த திரவம் திறந்த நிலையிலும் 100 பாகையைக் கடந்தே கொதிக்கும். ஆனால் நீர் கலவாது ஊற்றினால் இன்னும் நன்றாகக் குளிரும் என்று எண்ணுவது தவறு. வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீரே வல்லது. கலந்தே விற்கப்படும் திரவத்தில் மேலும் நீர் சேர்த்தலும் ஆகாது. வெவ்வேறு வகைகளை ஒன்றாகக் கலந்தால் அவை கூழாகித் துவாரங்களை அடைக்கக்கூடும். நிறத்தைப் பார்த்து வகையை முடிவுசெய்யாது, கைநூலைப் பார்க்க.

தேர்மோஸ்ராற்றைக் கழற்றி எறியும் வழக்கத்தை நாம் வன்மையாக மறுக்கின்றோம். அது இல்லாத எஞ்சின் உரிய வெப்பத்தை அடையாது டீசலை வீணாக்கும், விரைவிலே தேயும். சில எஞ்சின்களில் திரவம் றேடியேற்றருக்குச் செல்லாது குறுக்குவழியே சுற்றி வர, கொதிப்பு முன்னரிலும் மிகும். பழுதாயின் புதியதைப் பொருத்துவதே முறை.

எல்லாவற்றிலும் மேலானது உயிர். கொதிக்கும் எஞ்சினின் மூடியைத் திறந்தால், அழுத்தத்தில் அடங்கியிருந்த நீர் முகத்திலே பாயும். எஞ்சினை நிறுத்தி, ஆறும்வரை காத்திருப்பதே அறிவு. சூடான எஞ்சினிற் குளிர்ந்த நீரை ஊற்றினால் இரும்பு வெடிக்கவுங் கூடும். இறக்கிய பழைய திரவத்தை வாய்க்காலிலோ வாவியிலோ விடற்க. அதன் இனிப்பை விரும்பிக் குடிக்கும் மாடும் நாயும் மாண்டுபோகும். அதனை மூடிய கலனில், பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க.

இறுதியாக, இயந்திரச் சொந்தக்காரருக்கு ஒரு வார்த்தை. சாரதி ஒரு மணி நேரம் கேட்டால் கொடுங்கள். "வட்டையில் ஆட்கள் காத்திருக்கிறார்கள், புறப்படு" என்று அவசரப்படுத்தி அனுப்பிய இயந்திரமே நடுவயலில் நிற்கின்றது. பின்னர் பழி சாரதிமேல் விழுகின்றது. கூலிக்கு அமர்த்தும் கமக்காரரும் அந்த ஒரு மணி நேரத்தைப் பொறுப்பாராக. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது பழமொழி. ஆவணி, புரட்டாதியில் வீட்டு வளவிலே செலவிடும் ஒரு மணி நேரம், ஐப்பசியில் ஒரு வார உழவைக் காக்கும்.