கமாண்டோக்கள் வரும் வரை...

2009 ஏப்ரல் 29, விடிவதற்குச் சற்று முன். சென்னை சென்ட்ரலை ஒட்டிய புறநகர் முனையத்தில் நின்றிருந்த மின்சார ரயிலை, அடையாளம் தெரியாத ஒருவர் கிளப்பிக்கொண்டு போனார். மணிக்கு 90 கி.மீ.க்கும் அதிகமான வேகத்தில் சென்ற அந்த வண்டி, பெரம்பூருக்கு முந்தைய நிலையமான வியாசர்பாடி ஜீவாவில் நின்றிருந்த டேங்கர் சரக்கு ரயில் மீது மோதியது. பயணிகள் உட்பட 4 பேர் இறந்தனர். கிளம்பியதற்கும் மோதியதற்கும் இடையே சில நிமிடங்கள்தான். அந்த அவகாசத்தில் எந்த அதிரடிப் படையும் வந்திருக்க முடியாது. ஏதாவது செய்ய முடிந்திருக்குமானால், ரயில்வே கட்டுப்பாட்டு அறையில் இரவுப் பணியில் இருந்தவர்களால்தான்.

அதே ஆண்டில்தான் தேசியப் பாதுகாப்புப் படையின் மண்டல மையம் சென்னைக்கு வந்தது. 2008 மும்பைத் தாக்குதலின்போது அந்தப் படையின் ‘கறுப்புப் பூனை’ வீரர்கள் டெல்லியிலிருந்து விமானத்தில் வந்து களமிறங்குவதற்குள் மறுநாள் காலை ஆகிவிட்டது. அந்தத் தாமதம் தந்த பாடத்தால் மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், சென்னை ஆகிய நான்கு நகரங்களில் மையங்கள் தொடங்கப்பட்டன. தேவையான முடிவுதான். ஆனால், மும்பை ரயில் முனையத்தில் 50க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டது முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள். அங்கே பல உயிர்களைக் காத்தவர்களில் ஒருவர், ஒலிபெருக்கியில் பயணிகளை வேறு வழியாக வெளியேறச் சொன்ன அறிவிப்பாளர் விஷ்ணு ஜெண்டே. தாக்குதல் நடத்தியவர்களில் ஒருவரான கசாபை உயிரோடு பிடிக்கக் காரணமாக இருந்து, அந்த முயற்சியிலேயே உயிர்விட்டவர் துக்காராம் ஓம்ப்ளே என்கிற உதவி சப்-இன்ஸ்பெக்டர். இருவருமே கமாண்டோக்கள் இல்லை.

சிறப்புப் படையின் திறமையைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. 1993 ஏப்ரலில் அமிர்தசரஸில் கடத்தல்காரரின் பிடியிலிருந்த இந்தியன் ஏர்லைன்ஸ் விமானத்துக்குள் நுழைந்து, 141 பேரையும் காயமின்றி மீட்டது இதே படைதான். 1999 டிசம்பரில் கடத்தப்பட்ட ஐ.சி. 814 விமானமும் அதே அமிர்தசரஸில் இறங்கி, முக்கால் மணி நேரத்துக்கு மேல் நின்றது. படை போய்ச் சேர்வதற்குள் விமானம் கிளம்பிவிட்டது. 1991 ஆகஸ்டில், ராஜீவ் காந்தி கொலையில் தேடப்பட்ட சிவராசன் குழு பதுங்கியிருந்த பெங்களூரு கோணனகுண்டே வீட்டைப் படை சூழ்ந்து நின்றது. உள்ளே நுழைய உத்தரவு வந்தபோது ஏழு பேரும் பிணமாகியிருந்தனர். நேரம் தவறினாலும் முடிவெடுப்பது தவறினாலும் எவ்வளவு பயிற்சி பெற்ற வீரரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

இந்த நேரக் கணக்கை வட சென்னைக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ராயபுரத்தை ஒட்டித் துறைமுகம், மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூரில் அனல்மின் நிலையங்கள், பெரம்பூரில் ரயில்வே பணிமனைகள். இவற்றுக்கு நடுவே நெருக்கமான குடியிருப்புகள். கமாண்டோ மையம் இருப்பதோ வண்டலூர் பக்கம், நெடுங்குன்றத்தில். படை வட சென்னைக்கு வர வேண்டுமென்றால், நகரத்தின் நெரிசல் முழுவதையும் கடந்தாக வேண்டும். இங்கே பொறுப்போ பல கைகளில்: துறைமுகத்துக்கு மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படை, தண்டவாளத்துக்கு ரயில்வே பாதுகாப்புப் படையும் ரயில்வே போலீஸும், கடலுக்குக் கடலோரப் பாதுகாப்புக் குழுமமும் கடலோரக் காவல் படையும், தெருவுக்கு உள்ளூர்க் காவல் நிலையம். நெருக்கடி இந்த எல்லைகளைப் பார்த்து நடக்காது.

உள்ளூர்ப் போலீஸுக்கு நவீனத் துப்பாக்கி கொடுத்துவிட்டால் போதுமா? 2018 மே மாதம் தூத்துக்குடியில் 13 பேர் போலீஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டதை மறந்துவிட்டு இதைப் பேச முடியாது. தொழிலாளர்கள் நிறைந்த பகுதியில் ஆயுதத்தைக் கூட்டுவது அச்சத்தையும் கூட்டும். தேவை வேறு: சுற்றி வளைப்பது, மக்களை வெளியேற்றுவது, கடத்தல்காரரிடம் பேச்சுக் கொடுத்து நேரம் சம்பாதிப்பது ஆகியவற்றில் ஒவ்வொரு பணிநேரத்திலும் சிலருக்காவது பயிற்சி; எல்லாப் படைகளும் ஒரே அலைவரிசையில் பேசும் வசதி; முதல் முடிவை யார் எடுப்பது என்பதில் தெளிவு.

மருத்துவமனைகளும் இதில் சேர வேண்டும். 2002இல் மாஸ்கோ திரையரங்கில் ரஷ்யப் படை மயக்க வாயு செலுத்தித் தீவிரவாதிகளை முறியடித்தது. ஆனால் பணயக் கைதிகளில் சுமார் 130 பேர் இறந்தனர். பெரும்பாலானவர்களைக் கொன்றது அந்த வாயுவும், உரிய சிகிச்சை உடனே கிடைக்காததும். ஸ்டான்லி மருத்துவமனையும் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையும் ஒத்திகையின் பகுதியாகவே இருக்க வேண்டும்.

‘சாகர் கவச்’ என்ற கடலோரப் பாதுகாப்பு ஒத்திகை நடக்கும்போதெல்லாம் தீவிரவாதி வேடத்தில் வந்த எத்தனை போலீஸார் பிடிபட்டார்கள் என்பதே செய்தியாகிறது. அதைவிட முக்கியமான கணக்கு ஒன்று உண்டு. காசிமேட்டு மீனவர் ஒருவர் சந்தேகப் படகைப் பற்றிக் கடலோரப் பாதுகாப்பு உதவி எண்ணான 1093க்குத் தகவல் சொன்னதிலிருந்து முதல் காவலர் கரைக்கு வந்து சேர எத்தனை நிமிடம் ஆனது? ஒவ்வொரு ஒத்திகைக்குப் பிறகும் அந்த எண்ணை அரசு வெளியிடட்டும். அது குறைகிறதா என்பதை வைத்தே வட சென்னையின் பாதுகாப்பை மதிப்பிட முடியும்.