தொடலாம், திருகலாம்

கோயிலுக்குப் போனால் விக்கிரகத்தைத் தொடக் கூடாது. அருங்காட்சிசாலைக்குப் போனால் கண்ணாடிப் பெட்டியைத் தொடக் கூடாது. ஜவுளிக் கடைக்குப் போனால், வாங்கும் உத்தேசம் இல்லாதபோது புடவையைத் தொடக் கூடாது. "தொடாதே" என்னும் இந்த உபதேசத்தைக் கேட்டே நம் குழந்தைகள் வளர்கிறார்கள். நாமும் இருபது வருஷ காலமாகப் பௌதிக உபாத்தியாயராக இருந்து இதைச் செவ்வனே போதித்து வந்திருக்கிறோம். பள்ளியின் பரிசோதனைக் கருவிகள் ஒரு மர பீரோவில் இருக்கின்றன. பீரோவின் சாவி நம்மிடம் இருக்கிறது. கருவிகள் எல்லாம் இன்றைக்கும் புத்தம் புதியவை. சமீப காலம் வரையில் இதைக் குறித்து நாம் பெருமை கொண்டிருந்தோம் என்பதையும் மறைப்பதற்கில்லை.

சென்ற மாதம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பத்திரண்டு பேரை அழைத்துக் கொண்டு கோயமுத்தூர் வட்டார விஞ்ஞான நிலையத்துக்குப் போயிருந்தோம். அவிநாசி ரஸ்தாவில், கொடிசியா பொருட்காட்சி வளாகத்துக்கு அருகே, 2013-ஆம் வருஷத்திலிருந்து நடந்து வருகிறது அந்த நிலையம். உள்ளே நுழைந்ததும் நமக்கு ஏற்பட்ட முதல் உணர்ச்சி திகில்தான். ஒரே கூச்சல்! ஒரு பையன் சக்கரத்தைச் சுழற்றுகிறான். ஒரு பெண் பொத்தானை அமுக்குகிறாள். இருவர் ஒரு கைப்பிடிக்குச் சண்டை போடுகிறார்கள். காவலரோ ஒன்றும் சொல்லாமல் புன்சிரிப்புடன் நின்று கொண்டிருக்கிறார்! பழக்க தோஷத்தால், "யாரங்கே? தொடாதே!" என்று நாம் ஓர் அதட்டல் போட்டு விட்டோம். பிள்ளைகள் திரும்பிப் பார்த்துவிட்டு, இந்த இடத்தில் நம் அதிகாரம் செல்லாது என்று உடனே கண்டு கொண்டார்கள்.

தோட்டத்திலே ஒன்றுக்கொன்று எதிராக இரண்டு பெரிய குழிந்த தட்டுகள் நின்றன. ஒன்றின் முன் நின்று வாய்க்குள்ளேயே முணுமுணுத்தாலும், தூரத்தில் மற்றொன்றின் முன் நிற்பவர் காதில் அது தெளிவாக விழும். தட்டின் வளைவு, குவியம் என்னும் ஒரு புள்ளியிலிருந்து புறப்படும் ஒலியைச் சிதற விடாமல் நேராக அனுப்புகிறது. எதிர்த் தட்டு அதை வாங்கித் தன் குவியத்திலே சேர்க்கிறது. பாடப் புத்தகத்தில் இது ஒரு படம், நான்கு மதிப்பெண். நம் பிள்ளைகள் ஐந்தே நிமிஷத்தில் குவியம் இருக்கும் இடத்தைக் காதாலேயே தடவிக் கண்டுபிடித்தார்கள். பிறகு அதன் மூலம் நம்மைப் பற்றி என்ன பேசிக் கொண்டார்கள் என்பதை இங்கே எழுதுவது உசிதமன்று. குவியத்தில் நாம் நின்றிருந்தது அவர்களுக்குத் தெரியாது.

நிற்க. நாம் சொல்ல வந்தது கப்பி நாற்காலியைப் பற்றி.

உயரத்தில் ஒரு கப்பி. அதன் மேல் ஒரு கயிறு. கயிற்றின் ஒரு முனையில் நாற்காலி. நாற்காலியில் உட்கார்ந்து மறு முனையைப் பிடித்து இழுத்தால் நம்மை நாமே தூக்கிக் கொள்ளலாம். நம் வகுப்பில் கடைசிப் பெஞ்சில் உட்காரும் ஒரு பையன் உண்டு. வருஷம் முழுவதும் அவன் வாயிலிருந்து ஒரு கேள்வி பிறந்ததில்லை. அவன் உட்கார்ந்து இழுத்தான். சுலபமாக மேலே போனான். கீழே இறங்கி வந்து சிநேகிதனிடம் கயிற்றைக் கொடுத்து, "நீ தரையிலே நின்னுட்டு என்னை இழு" என்றான். சிநேகிதன் முகம் சிவக்க இழுத்தும் நாற்காலி இம்மியும் அசையவில்லை. இருவரும் இடம் மாறிப் பார்த்தார்கள், அதே கதைதான். பையன் நேரே நம்மிடம் வந்தான்.

"ஏனுங்க சார், ஒத்தைக் கப்பியிலே பலம் ஒண்ணும் மிச்சமாகாது, இழுக்கிற திசைதான் மாறும்னு பாடத்திலே சொன்னீங்க. நானே உட்கார்ந்து இழுத்தாப் பாதிப் பலம்கூட வேண்டியதில்லை போல இருக்குதுங்க. அவன் இழுத்தா முடியலீங்க. கப்பி ஒண்ணுதானுங்களே?"

நேயர்களே, உண்மையைச் சொல்லி விடுகிறோம். இருபது வருஷமாக, "நிலைக் கப்பியின் இயந்திர லாபம் ஒன்று" என்று கரும்பலகையில் எழுதி அடிக்கோடும் போட்டு வந்த நமக்கு அந்த நிமிஷத்தில் பதில் தோன்றவில்லை. "வகுப்பிலே சொல்கிறேன்" என்ற பழைய அஸ்திரத்தை எடுக்கலாமா என்றுகூட யோசித்தோம். நாற்பத்திரண்டு ஜோடிக் கண்கள் நம்மைப் பார்த்துக் கொண்டிருந்தன. வேறு வழியின்றி, வேஷ்டியை இழுத்துச் செருகிக் கொண்டு நாற்காலியில் நாமே உட்கார்ந்தோம்.

இழுத்த பிறகுதான் விளங்கிற்று. நாற்காலியில் இருப்பவரை ஒரு கயிறு அல்ல, இரண்டு கயிறுகள் தாங்குகின்றன. நாற்காலியில் கட்டியிருப்பது ஒன்று. நம் கையில் பிடித்திருப்பது மற்றொன்று. நாற்பது கிலோ எடையானால் ஒவ்வொன்றும் இருபது இருபதாகப் பங்கு போட்டுக் கொள்ளும். ஆகவே இருபது கிலோ பலம் போதும்; ஆனால் ஓர் அடி உயர்வதற்கு இரண்டு அடிக் கயிற்றை இழுக்க வேண்டும். சிநேகிதன் தரையில் நின்று இழுக்கும்போதோ நாற்காலியைத் தாங்குவது ஒரே கயிறுதான். நாற்பது கிலோவையும் அவனே இழுத்தாக வேண்டும். இதைச் சொல்லி முடித்து நிம்மதியாக மூச்சு விட்டோம். பையன் மேலே அண்ணாந்து பார்த்து, "அப்போ அவன் இழுக்கிறப்போ அந்தக் கொக்கி எம்பது கிலோ தாங்குதுங்களா? நான் இழுத்தா நாப்பதுதானுங்களா?" என்றான். ஆம், சரிதான். அந்தக் கணக்கை நாம் அதுவரை போட்டுப் பார்த்ததில்லை.

தொட்டு இயக்கும் காட்சிசாலை என்பது நேற்று முளைத்த புதுமை அன்று. ஜெர்மனியில் ஆஸ்கர் வான் மில்லர் என்ற எஞ்சினீயர் 1903-இல் மூனிச் நகரத்திலே ஒரு தொழிற் காட்சிசாலையைத் தோற்றுவித்தார். 1925-இல் அதன் நிரந்தரக் கட்டிடம் திறக்கப்பட்டபோது, ஜனங்கள் கைப்பிடியைச் சுழற்றியும் பொத்தானை அமுக்கியும் யந்திரங்களை ஓட்டிப் பார்க்க வசதி இருந்தது. அமெரிக்காவில் இந்த முறையை முழுமையாக்கியவர் பிராங்க் ஆப்பன்ஹைமர். அணுகுண்டு புகழ் ராபர்ட் ஆப்பன்ஹைமரின் தம்பி. அரசியல் சந்தேகத்தினால் 1949-இல் சர்வகலாசாலை உத்தியோகத்தை இழந்து, கொலராடோ மலைப் பிரதேசத்தில் மாடு வளர்த்தார். அப்புறம் அங்கே ஒரு சிற்றூர் ஹைஸ்கூலில் உபாத்தியாயரானார். 1969-இல் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரில் அவர் "எக்ஸ்ப்ளோரடோரியம்" என்ற பெயருடன் தமது கூடத்தைத் திறந்தார். உபாத்தியாயர் ஒருவர் இதைச் செய்தார் என்பதில் நமக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

நம் தேசத்திலே 1959-இல் கல்கத்தாவில் பிர்லா தொழில் நுட்பக் காட்சிசாலை தொடங்கிற்று. 1965-இல் பெங்களூரில் விசுவேசுவரய்யா பெயரால் ஒன்று பொது ஜனங்களுக்குத் திறக்கப்பட்டது. அதே வருஷத்தில், கல்கத்தாக் காட்சிசாலையார் கருவிகளைப் பஸ்ஸில் ஏற்றிக் கிராமங்களுக்கே கொண்டு போனார்கள். நகரத்துக்கு வர முடியாத பிள்ளைகளை எண்ணிச் செய்த இந்தக் காரியம் நம் மனத்தை மிகவும் கவர்கிறது.

ஆனால் கோயமுத்தூர்க்காரர்களுக்கு மூனிச்சும் கல்கத்தாவும் எதற்கு? பிரித்துப் பார்த்துக் கற்றுக் கொண்ட ஒரு மனிதர் இந்த மண்ணிலேயே இருந்திருக்கிறார். 1893-இல் கலங்கல் கிராமத்தில் பிறந்த ஜி. டி. நாயுடு பள்ளிக்கூடத்தோடு ஒத்துப் போகாத பிள்ளை. இளமையில் ஒரு வெள்ளைக்கார உத்தியோகஸ்தர் மோட்டார் சைக்கிளில் வருவதைக் கண்டார். அதன் மேல் மோகம் கொண்டார். ஹோட்டலில் வேலை செய்து காசு சேர்த்து அந்த வண்டியையே வாங்கினார். வாங்கி ஏறிச் சவாரி செய்தாரா? முதலில் அக்கக்காகப் பிரித்துப் போட்டார். பிறகு மறுபடி பூட்டினார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டியதும், 1937-இல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து மின்சார மோட்டார் செய்ததும் அந்தப் பிரித்தலின் சந்ததிகளே. 1974-இல் அவர் காலமானார். அவிநாசி ரஸ்தாவில் அவர் பெயரால் உள்ள காட்சிசாலையில், அவர் செய்த கருவிகளையும் உலகமெங்கும் சுற்றி வாங்கி வந்த பொருள்களையும் காணலாம்.

பம்பு செட்டும் மாவரைக்கும் கிரைண்டரும் செய்து நாடெங்கும் அனுப்பும் இந்த ஊரிலே, யந்திரத்தைத் திறந்து பார்ப்பது தோஷமன்று; பிழைப்பு. தோஷமாகக் கருதுகிற இடம் பள்ளிக்கூடம் ஒன்றுதான். இதை எழுதும்போது நமக்குக் கை கூசுகிறது. ஏனெனில் மேலே சொன்ன கப்பிப் பையனை நாம் முன்பே அறிவோம். சென்ற வருஷம் பரிசோதனைச் சாலையின் மேஜை விசிறி ஓடாமல் நின்று விட்டது. மறுநாள் பார்த்தால் விசிறி பிரிந்து கிடக்கிறது. இவன் பக்கத்தில் திருப்புளியுடன் உட்கார்ந்திருக்கிறான். நாம் காரணம் கேட்கவில்லை. அரை நாள் வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தோம். அவன் தகப்பனார் கணபதியில் ஒரு பட்டறையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுகிறவர் என்பதும், விசிறியில் எந்தச் சுற்று தீய்ந்திருக்கிறது என்று இவன் கண்டுபிடித்திருந்தான் என்பதும் பிற்பாடு தெரிய வந்தன. வருஷம் முழுவதும் அவன் கேள்வி கேட்காததற்கும் அந்த அரை நாளுக்கும் சம்பந்தம் உண்டா? உண்டென்றே நம் மனம் சொல்கிறது. கப்பி நாற்காலி ஒரு நிமிஷத்தில் அதை நீக்கி விட்டது.

விஞ்ஞான நிலையங்கள் கருவிகளை வைத்துக் கொண்டு ஜனங்கள் வரட்டும் என்று காத்திருந்தால் மட்டும் போதாது. ஆகாயத்தில் நடப்பதையும் தங்கள் காட்சியாக்கிக் கொள்ள வேண்டும். கோயமுத்தூரில் ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் ஒரு நாளும் ஆகஸ்டு நான்காம் வாரத்தில் ஒரு நாளும், பகல் 12 மணி 20 நிமிஷத்தை ஒட்டி, சூரியன் நேர் உச்சிக்கு வருகிறான். செங்குத்தாக நட்ட குச்சிக்கு அப்போது நிழலே இராது. டில்லிக்கும் லண்டனுக்கும் கிடையாத காட்சி இது. செலவு ஒரு குச்சி. பதினொன்றரை மணிக்கே பிள்ளைகளை வெளியில் கொண்டு வந்து, நிழல் குறையக் குறையச் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் குறித்து வரச் சொன்னால் போதும். நமது கடிகாரம் காட்டும் பன்னிரண்டுக்கும் சூரியனுடைய பன்னிரண்டுக்கும் இருபது நிமிஷ வித்தியாசம் ஏன் என்ற கேள்வியைப் பிள்ளைகளே கேட்பார்கள். கடிகாரம் நமக்குக் கிழக்கேயுள்ள வேறொரு தீர்க்க ரேகையின் நேரத்தைக் காட்டுகிறது என்று அப்புறம் சொல்லிக் கொள்ளலாம்.

2019 டிசம்பர் 26-ஆந் தேதி கங்கண சூரிய கிரகணம் கொங்கு நாட்டின் மீதே சென்றது நேயர்களுக்கு ஞாபகம் இருக்கும். அன்று நம் வீட்டில் அம்மா தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தி வைத்து, "பார், கிரகணத்துக்கு நிற்கிறது" என்றார்கள். விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும், "எல்லோரும் இன்று வீட்டில் உலக்கையை நிறுத்திப் பாருங்கள்" என்று பிள்ளைகளிடம் சொன்னோம். அடி தட்டையாய் இருந்தால் எந்த நாளும் நிற்கும் என்று அறிந்து வந்தார்கள். ஒரு பெண் மட்டும், "நின்னுச்சுங்க சார். ஆனா எங்க ஆத்தா, கிரகணம் இன்னும் முழுசா விடலைன்னு சொல்றாங்க" என்றாள். பாட்டிமார்களை வெல்வதற்கு இன்னும் சில கிரகணங்கள் வேண்டும்.

குறையும் சொல்ல வேண்டும் அல்லவா? தொடுவதற்கென்று வைத்த பொருள் தேயும், உடையும். உடைவது அவமானமில்லை, உடைந்ததை அப்படியே விட்டு வைப்பதுதான் அவமானம். எந்த ஊர் என்று சொல்ல வேண்டாம். ஒரு விஞ்ஞானக் கூடத்தில், "பழுது" என்று எழுதிய அட்டை பல கருவிகளின் கழுத்தில் தொங்குவதைக் கண்டோம். அட்டைகள் அழகாக அச்சிடப்பட்டிருந்தன! பழுது பார்க்கும் பட்டறையைக் கண்ணாடிச் சுவருக்குப் பின்னே வைத்து, அதையும் ஒரு காட்சியாக்கலாம் என்பது நம் யோசனை. நம் கடைசிப் பெஞ்சுப் பையன் அங்கிருந்து நகரவே மாட்டான்.

திரும்பி வந்த மறுநாள் பீரோவைத் திறந்தோம். உள்ளே இருந்த கப்பிகள் சுண்டைக்காய் அளவு, ஆளைத் தாங்கா. பையன் தன் பாட்டனார் தோட்டத்திலிருந்து, கவலை இறைத்த காலத்துப் பெரிய மரக் கப்பி ஒன்றைக் கொண்டு வந்தான். அந்தக் கிணற்றிலே மோட்டார் வைத்த நாளிலிருந்து அது தொழுவத்து மூலையில் கிடந்ததாம். பள்ளி வேப்ப மரத்தின் தடித்த கிளையில் அதைக் கட்டினோம். தலைமை ஆசிரியர் வந்து, "கயிறு புதியதுதானே?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டுப் போனார். பழைய காகிதக் கடையிலிருந்து ஒரு வில் தராசை இரவல் வாங்கிக் கயிற்று முனையில் மாட்டினோம். பலகையும் பையனும் சேர்ந்து நாற்பது கிலோ. அவன் உட்கார்ந்து இழுத்தான். தராசு இருபத்திரண்டு காட்டிற்று.

"இருபதுதானுங்களே வரணும்?" என்றான்.

கப்பியின் அச்சில் உராய்வு என்றோம். ஒரு பெண் ஓடிப் போய்ச் சத்துணவுக் கூடத்திலிருந்து சிறிது எண்ணெய் வாங்கி வந்தாள். அச்சில் விட்டு மறுபடி இழுத்தான். இருபத்தொன்று. பையன் தராசின் முள்ளையும் கப்பியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இன்னும் ஒரு கிலோ உள்ளே இருக்குதுங்க சார். கழட்டிப் பார்க்கலாமுங்களா?"

திருப்புளியை நாமே எடுத்துக் கொடுத்தோம்.