நேற்று வந்த நோயன்று

என் தந்தைக்குப் பக்கவாதம் ஏற்பட்டபோது அவருக்கு வயது 54. காலையில் தேநீர்க் குவளையை எடுக்க முயன்றார், வலக்கை அசையவில்லை. பேச்சும் குழறியது. உடனே 995ஐ அழைத்து மருத்துவமனையில் சேர்த்ததால் உயிர் பிழைத்தார். சில வாரங்களுக்குப் பின் மெல்லப் பேசத் தொடங்கியதும், "நேற்றுவரை நான் நன்றாகத்தானே இருந்தேன்?" என்று கேட்டார்.

அவர் பதினாறு வயதில் நண்பர்களோடு சேர்ந்து புகைபிடிக்கத் தொடங்கியவர். இரத்த அழுத்தத்தைச் சோதித்துக்கொள்ளச் சொன்னால், "எனக்கு என்ன நோய்?" என்று சிரித்து மழுப்பிவிடுவார். மாரடைப்பும் பக்கவாதமும் திடீரென்று தாக்குவதுபோல் தோன்றினாலும், பெரும்பாலும் அவற்றுக்குக் காரணமான இரத்தக் குழாய்ப் பாதிப்பு பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஆகவே, இரத்தக் குழாய்களைப் பேணுவதை முதியோரின் கவலை என்று ஒதுக்கக்கூடாது. அது பள்ளிப் பருவத்திலேயே தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

இரத்தக் குழாய்களைத் தண்ணீர்க் குழாய்களைப்போல் எண்ணிவிடக்கூடாது. அவற்றின் உட்புறத்தை மிக மெல்லிய படலம் ஒன்று மூடியிருக்கிறது. அதன் தடிப்பு ஓர் உயிரணு அளவுதான். அதன் ஆற்றலை வெளிப்படுத்தியவர் நியூயார்க்கைச் சேர்ந்த ராபர்ட் ஃபர்ச்காட் என்னும் அறிவியலாளர். உடலுக்குள் இரத்தக் குழாயை விரியச் செய்யும் ஒரு வேதிப்பொருள், ஆய்வுக்கூடத்தில் முயலின் இரத்தக் குழாய்த் துண்டுகளைச் சுருங்கச் செய்தது. இது ஏன் என்று அவர் ஆராய்ந்தார். துண்டுகளைத் தயாரிக்கும்போது அந்தப் படலம் தேய்ந்துபோயிருந்ததே காரணம் என்று கண்டார். படலம் சிதையாத துண்டுகள் விரிந்தன. இந்த ஆய்வு 1980இல் வெளியானது. படலம் வெளியிடும் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுதான் குழாயைத் தளர்த்துகிறது என்பது பின்னர் தெரியவந்தது. இந்த ஆய்வுகளுக்காக ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராட் ஆகிய மூவரும் 1998ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபெல் பரிசைப் பெற்றனர்.

புகையிலையின் நச்சு, உயர் இரத்த அழுத்தம், இரத்தத்தில் மிகுந்த சர்க்கரை, கெட்ட கொழுப்பு ஆகியவை இந்தப் படலத்தைப் பழுதாக்குகின்றன. பழுதடைந்த இடத்தில் கொழுப்பு குழாய்ச் சுவருக்குள் புகுகிறது. அதை அகற்ற வரும் வெள்ளையணுக்களும் அங்கேயே சிக்கிக்கொள்கின்றன. இவ்வாறு உருவாகும் படிவு ஆண்டுக்கணக்கில் வளர்கிறது. என்றாவது ஒருநாள் அது வெடித்தால், உடல் அதைக் காயம் என்று கருதி இரத்தத்தை உறையச் செய்கிறது. உறைந்த இரத்தம் இதயத்துக்குச் செல்லும் குழாயை அடைத்தால் மாரடைப்பு வரும். மூளைக்குச் செல்லும் குழாயை அடைத்தால் பக்கவாதம் வரும். சிறுநீரகம், கண், கால் ஆகியவையும் இரத்தக் குழாய்ப் பாதிப்பிலிருந்து தப்புவதில்லை. படிவு வளரும் காலத்தில் பெரும்பாலும் எந்த வலியும் தெரிவதில்லை. என் தந்தையை ஏமாற்றியதும் இந்த அமைதிதான்.

இளையர்களுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். கொரியப் போரில் உயிரிழந்த 300 அமெரிக்க வீரர்களின் இதயங்களை மருத்துவர்கள் ஆராய்ந்து, 1953இல் முடிவுகளை வெளியிட்டனர். வீரர்களின் சராசரி வயது ஏறத்தாழ 22. ஆயினும், அவர்களுள் 77 விழுக்காட்டினரின் இதய இரத்தக் குழாய்களில் பாதிப்பு காணப்பட்டது. சிலருக்குத் தொடக்க நிலைத் தடிப்பு மட்டுமே இருந்தது. வேறு சிலருக்குக் குழாய் அடைபட்டே இருந்தது. ஓடியாடித் திரிந்த இளம் வீரர்களின் உடலில் இப்படி ஒரு நிலையா என்று மருத்துவ உலகம் வியந்தது.

இந்தக் கதையின் அடுத்த பகுதி நமக்கு நம்பிக்கை தருகிறது. 2001க்கும் 2011க்கும் இடையே போர்ப் பணியின்போது இறந்த 3,832 அமெரிக்க வீரர்களைப் பற்றிய ஆய்வு 2012இல் வெளியானது. அதில் 8.5 விழுக்காட்டினருக்கே இத்தகைய பாதிப்பு இருந்தது. இரண்டு ஆய்வுகளின் முறைகளும் ஒன்றல்ல. ஆகவே, எண்களை அப்படியே ஒப்பிட்டுவிட முடியாது. எனினும், புகைப்பழக்கம் குறைந்ததும் இரத்த அழுத்தமும் கொழுப்பும் கட்டுப்படுத்தப்பட்டதும் இந்த மாற்றத்துக்குக் காரணங்களாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். பழக்கம் மாறினால் உடலின் கதையும் மாறும் என்பதற்கு இது நல்ல சான்று.

"எங்கள் தாத்தா நாள்தோறும் புகைபிடித்தும் தொண்ணூறு வயதுவரை வாழ்ந்தாரே!" என்று சிலர் கூறுவர். அத்தகையோர் இருக்கலாம். ஆனால், சாலையைப் பார்க்காமல் கடந்தவர் ஒருவர் தப்பினார் என்பதற்காக நாமும் அப்படிக் கடப்போமா? இது பரம்பரை நோய் என்று கூறுவோரும் உண்டு. குடும்பத்தில் இந்நோய் இருந்தால் ஆபத்து கூடும் என்பது உண்மையே. அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர் மற்றவர்களைவிடக் கூடுதல் கவனத்தோடு அல்லவா இருக்க வேண்டும்?

சிங்கப்பூரில் சட்டமும் நமக்குத் துணைநிற்கிறது. 2021 முதல் 21 வயதுக்குட்பட்டோர் சிகரெட் வாங்க முடியாது. மின்சிகரெட்டுக்கு முற்றிலும் தடை உள்ளது. 2022 டிசம்பர் 30 முதல் கடைகளில் விற்கப்படும் போத்தல், டின் பானங்கள் சர்க்கரை, கொழுப்பு அளவுக்கேற்பத் தரம் பிரிக்கப்படுகின்றன. 100 மில்லிலிட்டருக்கு 10 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள பானம் 'டி' தரத்தில் சேரும். அதை விளம்பரப்படுத்தவும் முடியாது. ஆனால், நண்பன் மறைவாக நீட்டும் மின்சிகரெட்டை "வேண்டாம்" என்று மறுக்கும் துணிவைச் சட்டம் நமக்குத் தராது. அதை நாம்தான் வளர்த்துக்கொள்ள வேண்டும்.

அதே வேளையில், பொறுப்பு முழுவதையும் மாணவர்களின் தோளில் சுமத்துவதும் முறையன்று. நாள் முழுவதும் வகுப்பு, பிறகு துணைப்பாடம், இரவில் வீட்டுப்பாடம் என்று நேரத்தை நிரப்பிவிட்டு, "உடற்பயிற்சி செய்" என்று சொன்னால் அவர்கள் என்ன செய்வார்கள்? பள்ளி வயதினர் நாளுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் உடலுக்கு உழைப்புத் தர வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தைப் பெற்றோரும் பள்ளியும் மனமுவந்து ஒதுக்கித் தர வேண்டும். வீட்டில் பெரியவர்களும் புகையையும் மிகுந்த இனிப்பையும் உப்பையும் தவிர்த்து வழிகாட்ட வேண்டும்.

என் தந்தை இப்போது இடக்கையால்தான் தேநீர் அருந்துகிறார், சர்க்கரை சேர்ப்பதில்லை. மாலையில் பேரனின் தோளைப் பிடித்தபடி அடுக்குமாடி வீட்டின் கீழ்த்தளத்தில் நடக்கிறார். "தாத்தா, நான் தனியாக ஓடிவிட்டு வரவா?" என்று பேரன் கேட்டால், "ஓடு, ஐயா! நான் உன் வயதில் செய்யாததை நீ செய்" என்கிறார். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்கள் நம் பெரியோர். அந்த அணைக்கு முதல் கல்லை எடுத்துவைக்க உங்கள் வயதே ஏற்ற வயது.