பவர் மெஷின் வாங்கியாச்சு... டேபிள் உங்களுக்குச் சேருதா?

திருப்பூர் பக்கம் லைன் வீடுகளில் நடந்து போனால், ஜன்னலோரம் பவர் மெஷின் ஓடும் சத்தம் கேட்காத தெரு குறைவு. கம்பெனி வேலையை விட்டுவிட்டு, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் பெண்களின் மெஷின்கள் அவை. அந்த வீடுகளில் அடிக்கடி நடக்கும் கதை இது.

நகையை அடகு வைத்து, செகண்ட் ஹேண்டில் ஒரு சிங்கிள் நீடில் மெஷின் வாங்குகிறார் ஒரு பெண். முதல் வாரம் உற்சாகம். இரண்டாம் வாரம் கழுத்து வலி. மூன்றாம் வாரம் இடுப்பும் சேர்ந்துகொள்கிறது. குனிந்து தைப்பதுதான் காரணம் என்று கணவர் ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்துக் கொடுக்கிறார். மெஷின் ஆட ஆரம்பித்து ஊசி உடைகிறது. கழுத்து வலி மட்டும் போகவில்லை. “பேசாம வித்துரலாமா?” என்ற பேச்சு வரும்போதுதான் மெக்கானிக்கைக் கூப்பிடுகிறார்கள்.

வந்தவர் மெஷினைத் திறக்கவே இல்லை. கீழே குனிந்து பார்த்துவிட்டுச் சொல்கிறார்: “மெஷின்ல ஒண்ணும் இல்லீங்க்கா. டேபிள்தான் உங்களுக்குச் சேரல. செங்கல் வெச்சா பெடலும் சேந்து மேல ஏறிக்குமுங்க. அப்புறம் எப்படி வலி போகும்?”

விஷயமே அதில்தான் இருக்கிறது.

டேபிளை ஏன் தனியாகப் பார்க்க வேண்டும்?

தொழிற்சாலை மெஷினில் ஹெட், டேபிள், ஸ்டாண்டு, மோட்டார் எல்லாம் தனித்தனி. கடையில் ஏதோ ஓர் உயரத்தில் மாட்டிக் கொடுப்பார்கள். செகண்ட் ஹேண்ட் என்றால், முன்பு தைத்தவரின் உயரத்தில் அது நிற்கும். பெடல், ஸ்டாண்டின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. மோட்டார், டேபிள் பலகையின் அடியில் தொங்குகிறது. பலகைக்கும் பெடலுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் உங்கள் உடம்புக்கான அளவு. செங்கல் வைத்தால் அந்த இடைவெளி மாறாது. ஸ்டாண்டின் இரண்டு பக்கமும் உள்ள போல்ட்டைத் தளர்த்திப் பலகையை உயர்த்தினால்தான் மாறும்.

உயரம்: எப்படி அளப்பது?

நீங்கள் தினமும் உட்காரும் அதே சேரில் உட்காருங்கள். இரண்டு பாதமும் பெடலில் இருக்கட்டும். தோளைத் தளர்த்தி, முழங்கையை மடக்குங்கள். பலகை முழங்கை மட்டத்திலோ, அதற்குச் சற்று மேலேயோ இருக்க வேண்டும். ரொம்பத் தாழ்ந்திருந்தால் கழுத்தும் முதுகும் வளையும். ரொம்ப உயர்ந்தால் தோள் தூக்கிக்கொண்டே இருக்கும். தொடை, பலகைக்கு அடியில் இடிக்கக் கூடாது.

உயரத்தை மாற்றும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ஹெட் மட்டுமே 25 கிலோவுக்கு மேல் இருக்கும். பெல்ட்டைக் கழற்றி, ஹெட்டை இரண்டு பேராகத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது. ஒரு பக்கத்தை மட்டும் ஒரேயடியாக ஏற்றாமல், இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். முடித்ததும் எல்லா நட்டையும் இறுக்கி, நான்கு காலும் தரையில் படிகிறதா என்று பாருங்கள். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் தையல் விழும் மெஷின் இது. ஒரு கால் தூக்கியிருந்தாலும் டேபிள் முழுக்க அதிரும்.

பலர் மறக்கும் இடம்: பெடல் கம்பி

டேபிளை இரண்டு அங்குலம் உயர்த்தினால் மோட்டாரும் இரண்டு அங்குலம் மேலே போகும். மோட்டாரையும் பெடலையும் இணைக்கும் கம்பி பழைய நீளத்திலேயே இருந்தால், பெடலின் முன்பக்கத்தை அது மேலே இழுத்துக்கொள்ளும். கால்விரல் தூக்கியபடியே நாள் முழுக்கத் தைத்தால் கணுக்காலும் கெண்டைக்காலும் கடுக்காமல் என்ன செய்யும்?

அந்தக் கம்பியில் ஒரு ஸ்க்ரூ இருக்கும். அதைத் தளர்த்தினால் நீளத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். பாதம் இயல்பாகப் படியும்வரை சரிசெய்து இறுக்குங்கள். கம்பி சாய்வாக நிற்காமல் மோட்டார் லீவருக்கு நேராக இறங்க வேண்டும். சாய்வாக இருந்தால், பெடலை இடதுபக்கமோ வலதுபக்கமோ நகர்த்திக்கொள்ளலாம்.

முழங்காலால் தள்ளி ஃபுட்டைத் தூக்கும் லிஃப்டரும் டேபிளோடு சேர்ந்து மேலே போயிருக்கும். அதன் பேடை மறுபடி உங்கள் வலது முழங்கால் இருக்கும் இடத்துக்கு இறக்கிவிடுங்கள். லேசாக வெளிப்பக்கம் தள்ளினாலே ஃபுட் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத் தூக்க வேண்டும்.

ஹெட், பெல்ட், ஆயில்

ஹெட்டைத் திரும்ப உட்கார வைக்கும்போது பின்பக்கக் கீல்களும், மூலைகளில் உள்ள ரப்பரும் சரியாக அமர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய மெஷின்களில் ரப்பர் நசுங்கியோ காணாமலோ போயிருக்கும். புது ரப்பர் போட்டாலே பாதிச் சத்தம் அடங்கிவிடும். ஹெட்டின் தளமும் பலகையும் ஒரே மட்டத்தில் இருந்தால்தான் துணி சிக்காமல் நகரும். ஹெட்டைப் பின்னால் சாய்க்கும்போது தாங்கும் கட்டையும் பலகையில் முழுசாக இறங்கியிருக்க வேண்டும்.

மோட்டார் புல்லியும் மெஷின் புல்லியும் ஒரே நேர்கோட்டில் இருக்கட்டும். பெல்ட்டின் நடுவில் விரலால் அழுத்தினால் சுமார் 15 மில்லிமீட்டர் உள்ளே போக வேண்டும். அதைவிட இறுக்கமாக இருந்தால் மெஷினுக்கும் மோட்டாருக்கும் பாரம். தளர்ந்தால் பெல்ட் வழுக்கி வேகம் குறையும். பெல்ட் கவரைக் கழற்றிப் போட்டுவிடாதீர்கள். துப்பட்டா, முந்தானை, முடி எல்லாம் சிக்குவது அங்கேதான்.

வண்டியில் ஏற்றும்போது ஆயிலை வடித்துவிடுவது வழக்கம். அதனால் ஓட்டும் முன் ஆயில் பானில் உள்ள இரண்டு கோடுகளுக்கு நடுவில் ஆயில் நிற்கிறதா என்று பாருங்கள். வறண்டு ஓடினால் உதிரிப் பாகங்களுக்குச் செலவு வைத்துவிடும். கையால் வீலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மெதுவாக ஓட்டுங்கள். வீல், தைப்பவரை நோக்கிச் சுற்ற வேண்டும்.

கிளட்ச் மோட்டார் என்றால், சுவிட்சை அணைத்த பிறகும் அது சற்று நேரம் சுற்றும். பெடலை மிதித்து, மெஷின் ஓடி முழுசாக நின்ற பிறகே கையை வையுங்கள். சர்வோ மோட்டார், தைக்கும்போது மட்டும் ஓடும். கரன்ட் மிச்சம். புதிதாகப் பழகுபவர்கள் வேகத்தையும் குறைத்து வைத்துக்கொள்ளலாம்.

ஒரு மெஷின், இரண்டு பேர்

அந்த வீட்டில் செங்கல் வெளியே போனது. பலகை இரண்டு அங்குலம் ஏறியது, கம்பி நீண்டது. மறுநாளே வலி பறந்துவிடவில்லை. ஆனால் ஒரு பண்டலை முடித்துவிட்டு எழும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழ வேண்டியிருக்கவில்லை. மரத்துப்போவதோ வலியோ தொடர்ந்து இருந்தால், டேபிளை மட்டும் நம்பாமல் டாக்டரைப் பார்ப்பதுதான் சரி.

மாலையில் அதே மெஷினில் மாமியார் உட்கார்ந்து பிசிறு நூல் வெட்டிக்கொண்டே தைக்கவும் பழகுகிறார். அவர் உயரம் குறைவு. ஆளுக்கு ஆள் டேபிளை ஏற்றி இறக்குவது நடக்காத காரியம். அதனால் அதிக நேரம் தைப்பவரின் அளவில் டேபிளை வைத்துவிட்டு, மாமியாருக்கு மட்டும் சேரில் ஒரு தலையணை போட்டிருக்கிறார்கள். அவர் கால் எட்டாமல் தொங்காதபடி அதன் கனத்தையும் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஸ்டாண்டின் காலில், சரியாக வந்த உயரத்தில் மார்க்கரால் ஒரு கோடு. நாளைக்கு வீடு மாறினாலும், யார் வந்து மாட்டினாலும், அந்தக் கோட்டைக் காட்டினால் போதும்.